கண்டக்டரும் நான் வெளுத்த துணியும்

கண்டக்டர் ஓய்வு பெறுகிறார், அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதித் தாருங்கள், மலரில் போடுகிறோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். புகழ்ந்து எழுத நிறையப் பேர் இருப்பார்கள். எழுதட்டும். நான் அந்த மனிதரைப் பார்த்து வயிறெரிந்தவன். அந்த எரிச்சல் இன்னும் முழுதாக அணையவில்லை. ஆனால் ஒன்று, நமக்குப் பிடித்தவரை அரைக்கண்ணால்தான் பார்ப்போம், பொறாமைப்படுகிறவரை விடாமல் பார்ப்போம். அவர் எப்படி உட்காருவார், எப்போது தொண்டையைச் செருமுவார், பேச்சு வராத இடத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வார் என்பது வரை எனக்குத் தெரியும். ஆகவே இந்த மலரில் எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிட்டது. ஒரு மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில், ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டியோடு தொழில் ஆரம்பித்தேன். இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் நீங்கள் படுக்கிற விரிப்பு, டாக்டர் போடுகிற கோட்டு, ஆபரேஷன் அறைப் பச்சைத் துணி எல்லாம் என் லாண்டரியில் வெளுத்தவை. கடன் வாங்கிப் படித்தவர்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். ஒரு கறையைக் காட்டினால் அது என்ன கறை, எத்தனை நாள் பழசு, எதைப் போட்டால் போகும் என்று தொட்டுப் பார்க்காமலே சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைதான், இருந்தாலும் கதைக்கு இது தேவைப்படும்.

கண்டக்டர் என்பது அவருடைய பழைய வேலை. பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஆஸ்பத்திரியில் அவர் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'ஆன்மிகத் துணை' என்று இருக்கும். பிறந்த உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்ட குழந்தைகளின் அம்மா அப்பாக்களோடு இருப்பதுதான் அவர் வேலை. இருப்பது என்றால் இருப்பதுதான். மருந்து கொடுக்க மாட்டார், ரிப்போர்ட் பார்த்துச் சொல்ல மாட்டார். "எல்லாம் சரியாயிடும்" என்று மறந்தும் சொல்ல மாட்டார். இதற்கு ஒரு ஆளா, இதற்கு ஒரு அட்டையா என்று நானே விரிப்பு இறக்கும்போது சிரித்திருக்கிறேன். என் வீட்டுக்கு அது தேவைப்படும்வரை.

என் மகளுக்குக் குழந்தை நாளுக்கு ரொம்ப முன்பே பிறந்துவிட்டது. பெண். "மாமா, என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெருசு" என்று மாப்பிள்ளை கையை விரித்துக் காட்டினார். மூச்சுக்குக் குழாய், பாலுக்குக் குழாய், மார்பில் ஒட்டிய வயர்கள். மகள் முதல் தடவை உள்ளே போய், பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, குழந்தையின் காலைத் தொட்டிருக்கிறாள். அந்த நொடி பார்த்து மானிட்டர் அலறியிருக்கிறது. நர்ஸ் ஓடி வந்து ஒரு பட்டனை அமுக்கிவிட்டு, "இது அடிக்கடி அடிக்கும்மா, ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருக்கிறாள். மகள் கையை இழுத்துக்கொண்டவள்தான். அதற்கப்புறம் உள்ளே போகவே இல்லை.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் கொடுப்பாள், நர்ஸ் எடுத்துப் போவாள். மாப்பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். இவள் கேட்டுக்கொள்வாள். அவ்வளவுதான். தன் குழந்தையைத் தாய் தொடவில்லை. டாக்டரம்மாவே வந்து, "குழந்தைக்கு உங்க கை வேணும்மா, தோலோட தோல் படணும்" என்று சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினாளே தவிர எழுந்திருக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். அதட்டினேன். கெஞ்சினேன். மாடிப்படிக் கதையைச் சொன்னேன், இடிந்து உட்காராமல் எப்படி முன்னுக்கு வந்தேன் என்று. "பயப்படாத, அப்பா நான் இருக்கேன்ல" என்றேன்.

"நீங்க இருந்து என்னப்பா பண்ணுவீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டாள். ஒரு ஆஸ்பத்திரியையே வெள்ளையாக வைத்திருக்கிறவன் நான், போய் அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்தேன்.

அந்த இடத்தில்தான் கண்டக்டர் வந்து உட்கார்ந்தார். எதிரே அல்ல, பக்கத்தில். இவள் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அதே சுவரை அவரும் பார்த்தார். தன் பெயரைச் சொன்னார், என்ன வேலை என்று சொன்னார், "நான் இங்க கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்டார். அதோடு சரி. மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு தீயணைப்புக் குடுவை தொங்கும், அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் நான் சாப்பாட்டுப் பையோடு வருகிறேன், என் மகள் பேசிக்கொண்டிருக்கிறாள். அவரிடம். கையெல்லாம் ஆட்டி. சின்ன வயதில் மேசைக்கடியில் வீடு கட்டி விளையாடியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்கே தெரியாது. நான் அப்போதெல்லாம் கடையில் இருந்திருப்பேன். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "வாங்கப்பா" என்றாள், விருந்தாளியைச் சொல்வது போல.

பையை வைத்துவிட்டு என் மனைவியை ஓரமாகக் கூட்டிப் போனேன். "அந்த ஆளு அப்படி என்னதான் பண்றான்?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்காரு."

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஆஸ்பத்திரியில அட்டை கொடுக்கறாங்களா?"

"உங்களுக்கு ஒரு கோடி குடுத்தாலும் அந்த வேலை வராதுங்க" என்றாள் அவள். "கல்யாணமான நாள்லேருந்து பாக்கறேன், ரெண்டு நிமிஷம் வாய மூடிட்டு ஒரு இடத்துல உக்காந்தது கிடையாது."

இது போதாதென்று அவளும் அவரை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளை என்னிடம் எண்ணி எண்ணிப் பேசுவார், அவரோடு டீ மிஷின் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். நான் சம்பாதித்துச் சேர்த்த குடும்பம், ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர் பின்னால் வரிசையாக ஏறிப் போய்விட்டது.

ஒரு நாள் டீ மிஷின் அருகே அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன கண்டக்டர் சார், எம்பொண்ணுக்கு என்ன மந்திரம் போட்டீங்க?"

"மந்திரமெல்லாம் இல்ல முதலாளி. பஸ்ல பழகினது."

அப்போதுதான் அவர் கதையைச் சொன்னார். அவருடைய பஸ்ஸுக்குக் கடைசி ஸ்டாப் இந்த ஆஸ்பத்திரி வாசல். எல்லாரும் இறங்கிப் போனபிறகு சில சமயம் ஒரே ஒருவர் இறங்காமல் உட்கார்ந்திருப்பாராம். கையில் பிளாஸ்க் இருக்கும், மாற்றுத்துணி இருக்கும், ஆனால் எழுந்திருக்கக் கால் வராது. டிரைவர் ஹார்ன் அடித்து விரட்டச் சொல்வாராம். இவர் விரட்ட மாட்டார். போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வார். பஸ் சீட்டில் எதிரும் புதிருமாகவா உட்கார முடியும், இரண்டு பேரும் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். கொஞ்ச நேரத்தில் அந்த ஆளே எழுந்திருப்பார். இவரும் கூட எழுந்து படிவரை வருவார். இப்படி இறங்கினவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சொல்லி, ஓய்வு பெற்றதும் ஆஸ்பத்திரியே கூப்பிட்டு, பயிற்சி கொடுத்து, அட்டையும் கொடுத்துவிட்டது.

"நீங்க எந்தச் சாமி கும்பிடறவரு?" என்று மடக்கினேன்.

"அது காலைல வீட்லயே முடிச்சுட்டு வந்துடுவேன். இங்க அவங்கவங்க சாமிதான். சாமி வேணாம்கறவங்களுக்கு நான் மட்டும்தான்."

அந்த வார்டை ஒட்டி அவருக்கு ஒரு சின்ன அறை உண்டு. பிரார்த்தனை அறை என்பார்கள். ஒரு படம் கிடையாது, விளக்குக் கிடையாது. ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்க் கூஜா, ஜன்னலைப் பார்த்தபடி பஸ் சீட்டு மாதிரி அடுத்தடுத்துப் போட்ட நாற்காலிகள். அதையும் விடவில்லை நான். "கண்டக்டர், இந்த ரூமுக்கு நல்ல சோபா ஒண்ணு வாங்கிப் போடறேன். எம்பேர்ல" என்றேன்.

"சோபான்னா சாஞ்சுடுவாங்க முதலாளி. எழுந்திருக்கறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். என் சோபாவை வேண்டாம் என்று சொன்ன முதல் மனிதர்.

அந்த அறைக்கும் விரிப்புகள் வைக்கும் ஸ்டோருக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்புதான். ஒரு நாள் நான் ஸ்டோரில் அடுக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் மகள் குரல். நகர்ந்து போயிருக்கலாம். போகவில்லை. என் மகள், என் விரிப்பு, என் ஸ்டோர், நான் ஏன் போக வேண்டும். (இனிமேல் வருவதை எழுத மகள்தான் சம்மதம் கொடுத்தாள். வேறு அம்மாக்கள் படிக்கட்டும் என்றாள்.)

"உங்களுக்குப் பழக்கமான பிரார்த்தனை ஏதாவது சேர்ந்து சொல்லலாமாம்மா?" என்று கேட்டார் அவர்.

"வாயில வரல ஐயா. சாமி மேலயே கோபமா இருக்கு."

"கோபமா இருக்கேன்னே சொல்லலாம். அதையும் கேட்டுப் பழகினவர்தான்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மகள் சொன்னாள். "இவ வயித்துல வந்தது தெரிஞ்சப்ப, இப்ப எதுக்கு இதுன்னு நெனைச்சேன் ஐயா. வாய்விட்டும் சொன்னேன். ஒரு தடவதான். அது அவருக்குக் கேட்டிருச்சு. நான் தொட்டதும் மிஷின் கத்துச்சே, அது அதுக்குத்தான். நீ தொடாதேன்னு சொல்றாரு."

நானாக இருந்தால் அடுத்த நொடியே, "பைத்தியம் மாதிரி பேசாத, வயரு லூசாயிருக்கும்" என்று சொல்லியிருப்பேன். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு தலையணை உறையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"இதை யார்கிட்ட சொல்லணும்னு தோணுதும்மா உங்களுக்கு?"

"அவகிட்டதான். பாப்பாகிட்ட."

"பாப்பா எங்கயும் போகல. அங்கயேதான் இருக்கா. நீங்க எழுந்திரிக்கறப்ப நானும் எழுந்திரிக்கிறேன்."

அவ்வளவுதான். அன்றைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. என் ஸ்டோரில், நான் வெளுத்த அடுக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நான் நினைத்தது இதுதான், உண்மையை எழுதுகிறேன். என் மகள் இவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள் என்ற வருத்தம் இரண்டாவதாகத்தான் வந்தது. இதை அவனிடம் போய்ச் சொல்லிவிட்டாளே என்பது முதலில் வந்தது.

மூத்த நர்ஸ் ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு சின்னச் சதுரத் துணிகள். ஒன்றை அம்மா தன் மார்போடு வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொன்று பெட்டிக்குள் குழந்தையின் தலைமாட்டில். காலையில் மாற்றிக்கொள்வார்கள். அம்மாவின் வாசனை குழந்தைக்கு, குழந்தையின் வாசனை அம்மாவுக்கு. உள்ளே போகாத தாய்க்கு அதுவாவது இருக்கட்டும் என்றார். வார்டு வாசலில் நர்ஸிடம் வாங்கி மகளிடம் கொண்டுவந்து கொடுப்பது கண்டக்டர்தான். இரண்டு விரலில் மடித்துப் பிடித்து, டிக்கெட் நீட்டுகிற மாதிரி நீட்டுவார். அவள் வாங்கி முகத்தில் வைத்துக் கண்ணை மூடுவாள். நாள் முழுக்கக் கையைவிட்டு இறக்க மாட்டாள். நான் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த எந்தப் பொருளையும் அவள் அப்படி வாங்கிப் பிடித்ததில்லை.

அந்தத் துணியை நான் பார்த்தேன். என் கண் வேறு எதைப் பார்க்கும். ஓரத்தில் பால் கறை, காய்ந்து மஞ்சளடித்திருந்தது. நடுவில் பிளாஸ்டர் பசை பிசுபிசுப்பு. ஒரு மூலை கசங்கிச் சுருண்டிருந்தது. கட்டடம் முழுக்க என் வெள்ளை, என் மகள் கையில் மட்டும் அழுக்குத்துணி. அதுவும் கண்டக்டர் கொடுத்த அழுக்குத்துணி. அவர் கொடுப்பதை நான் அதைவிட நன்றாகக் கொடுத்துக் காட்டுகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

மகள் பால் எடுக்கப் போன நேரம் துணி பெஞ்சில் இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே லாண்டரிக்குப் போனேன். மிஷினில் போடவில்லை. ஆள் யாரையும் தொட விடவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, பால் கறைக்கு ஒன்று, பசைக்கு ஒன்று என்று என் கட்டைவிரலாலேயே தேய்த்து, அலசி, வெயிலில் போட்டு, பழைய இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி நானே மடிப்பு எடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் அதைவிட வெள்ளையாக ஒரு துணி வெளிவந்ததில்லை. இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

மகள் பெஞ்சுக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். மனைவியும் தேடிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் குப்பைக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "இந்தா" என்று பிரித்துக் கொடுத்தேன். அவள் பாய்ந்து வாங்கி முகத்தில் வைத்தாள்.

எடுத்தாள். திருப்பினாள். இன்னொரு மூலையை வைத்துப் பார்த்தாள். மடிப்பைப் பிரித்து நடுவில் வைத்துப் பார்த்தாள்.

"எங்கப்பா அவ?"

"அழுக்கா இருந்துச்சும்மா. துவைச்சேன்."

"எங்கப்பா அவ?"

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை. வெள்ளைத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என் மனைவி, "உங்க கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். நான் கண்டக்டரைப் பார்த்தேன். இப்போது அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நானும் அதற்குப் பத்து வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும், இத்தனை நாள் அடக்கியதெல்லாம் கொட்ட வேண்டும் என்று தயாராக இருந்தேன்.

அவர் அந்தத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததில்ல முதலாளி" என்றார். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. பிறகு மகள் பக்கம் திரும்பாமல், எப்போதும் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதுல இல்லம்மா அவ. உள்ளதான் இருக்கா."

மகள் எழுந்தாள். அவரும் எழுந்தார்.

வார்டு வாசலில் தொட்டி இருக்கிறது, உள்ளே போகிறவர்கள் முழங்கைவரை கழுவ வேண்டும். அவள் கழுவினாள். அவர் பக்கத்தில் நின்று தானும் கழுவினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் பெட்டிவரைகூடப் போகவில்லை, இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். மகள் ஓட்டை வழியாகக் கையை விட்டாள். மெதுவாக அந்தக் காலின் மேல் வைத்தாள்.

மானிட்டர் அலறியது. கண்ணாடி தாண்டி எனக்கே கேட்டது. அவள் தோள் தூக்கிப்போட்டது. கை நகரவில்லை. நர்ஸ் வந்து பட்டனை அமுக்கும்வரை கை அங்கேயே இருந்தது, அதற்கப்புறமும் இருந்தது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. குனிந்து, ஓட்டையோடு மூக்கை வைத்து, மூச்சை இழுத்தாள்.

நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். கண்டக்டர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்து போங்க என்று சொல்லத்தான் நினைத்தேன், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். இரண்டு பேரும் தீயணைப்புக் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வராந்தாவில் அத்தனை நாள் அலைந்த நானும் உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்திருக்கவில்லை. லாண்டரி வேலை, வேன் வேலை என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். அது ஏன் என்று அன்றைக்கு அவரிடம் சொன்னேன். இங்கே எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும், போதும். அவர் அதை யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று பிற்பாடு சுற்றிவளைத்து விசாரித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

நானும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மாப்பிள்ளை கையை விரித்துக் காட்டிய அளவு சரிதான்.

மறுநாளிலிருந்து மகள் பெஞ்சில் உட்காரவில்லை. குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாள். வெள்ளைத்துணி பெட்டிக்குள் போய் மறுபடி அழுக்காகி வெளியே வந்தது. அதை இரண்டு விரலில் பிடித்து என் மூக்கருகே நீட்டி, "மோந்து பாருங்க, துவைக்காதீங்க" என்றாள். பேத்தி வீட்டுக்கு வந்து, இப்போது என் லாண்டரி மூட்டைகள் மேல் ஏறிக் குதிக்கிறாள். கண்டக்டர் வந்தால் என் மடியிலிருந்து இறங்கி அவரிடம் ஓடுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்த மலரில் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். என் மகள் எழுந்தது நான் வெளுத்ததனால். வாசனை அதிலேயே இருந்திருந்தால் அவள் பெஞ்சிலேயே இருந்திருப்பாள். இதை நான் வீட்டில் சொன்னால் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் கண்டக்டரிடம் யார் கேட்டாலும் அவர் இதையேதான் சொல்கிறாராம். "அன்னிக்கு முதலாளி அந்தத் துணிய வெளுத்துக் குடுக்கலேன்னா அந்தம்மா உள்ள போயிருக்க மாட்டாங்க." புதிதாக வருகிற அப்பாக்களிடம் சொல்கிறார், டாக்டரிடம் சொல்கிறார், எனக்கே ஒரு தடவை சொன்னார். எல்லாப் பெருமையையும் எடுத்து அப்படியே என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். நான் ஒரு விரிப்பைக்கூட அப்படி யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அதனால்தான்.